மவுஸ் முடுக்கம்: கேமர்கள் அணைக்கத்தான் வேண்டுமா?

மேசையில் இரண்டு தடித்த புத்தகங்களைச் சுவர்போல் எதிரெதிரே வைத்து, நடுவில் மவுஸ் நகர மூன்று சென்டிமீட்டர் இடம் மட்டும் விடுங்கள். திரையின் இடப்பக்கம் உள்ள ஏதாவது ஓர் ஐகான் மீது கர்சரை நிறுத்திவிட்டு, மவுஸைத் தூக்கி இடப்புறப் புத்தகத்தோடு ஒட்டி வையுங்கள். இப்போது வலப்புறப் புத்தகத்தில் முட்டும்வரை மவுஸை விருட்டென்று தள்ளுங்கள். பிறகு ஐந்து நொடி எடுத்துக்கொண்டு, மெள்ள மெள்ள அதைப் பழைய இடத்துக்கே இழுத்து வாருங்கள். கர்சர் திரையின் விளிம்பில் போய் இடித்துக்கொண்டால், புத்தகங்களை இன்னும் நெருக்கி வைத்து மறுபடி செய்து பாருங்கள்.

மவுஸ் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட்டது. கர்சர் திரும்பியிருக்காது. பெரும்பாலான விண்டோஸ் கணினிகளில் அது ஐகானுக்கு வெகு தொலைவில், பாதி வழியில் நின்றுகொண்டிருக்கும். கை போனதும் வந்ததும் ஒரே தூரம்தான். ஆனால் வேகமாகப் போனபோது கணினி அந்தத் தூரத்தைப் பெரிதாக்கியது. மெதுவாக வந்தபோது அப்படிச் செய்யவில்லை. மவுஸ் முடுக்கம் என்பது இதுதான். விண்டோஸில் 'என்ஹான்ஸ் பாயிண்டர் பிரிசிஷன்' என்ற பெயரில், நாம் கேட்காமலேயே இயக்கி வைக்கப்பட்டிருக்கும் வசதி.

துப்பாக்கி சுடும் கேம்களை ஆடுகிறவர்களிடையே இதை அணைத்துவிடு என்பது எழுதப்படாத சட்டம். புதிதாக ஆட வருகிற பையனுக்குச் சொல்லப்படும் முதல் அறிவுரையே அதுதான். அந்த அறிவுரை சரியானது என்றே நானும் கருதுகிறேன். ஆனால் அதற்குச் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் அரைகுறை. "முடுக்கம் இருந்தால் கைக்குப் பழக்கம் வராது" என்பார்கள். வரும். அதைத் தாண்டியும் அணைக்கச் சொல்வதற்கு வலுவான காரணம் ஒன்று இருக்கிறது. அது நம் நரம்புகளிலும் தசைகளிலும் இருப்பதால், கேம் ஆடாதவர்களுக்கும் தெரிந்துகொள்ளத் தக்கது.

முதலில் மவுஸ் என்ன செய்கிறது என்று பார்ப்போம். இன்றைய ஆப்டிகல் மவுஸின் அடியில் இருப்பது ஒரு சின்னஞ்சிறு கேமரா. கீழே உள்ள துணியையோ மரத்தையோ அது நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை படமெடுக்கிறது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே அந்தப் பரப்பின் சொரசொரப்பு எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்று உள்ளே இருக்கும் சில்லு ஒப்பிட்டுப் பார்த்து, நகர்வை முழு எண்களாக்கிக் கணினிக்கு அனுப்புகிறது. இவற்றைக் கவுண்ட் என்பார்கள். 800 டிபிஐ மவுஸ் என்றால், ஓர் அங்குலம் நகர்த்தினால் 800 கவுண்ட். மவுஸுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். திரை எவ்வளவு பெரிது, கர்சர் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் கணினியின் பாடு.

வந்து சேர்ந்த கவுண்ட்களை எதனால் பெருக்குவது என்று கணினி முடிவு செய்கிறது. எப்போதும் ஒரே எண்ணால் பெருக்கினால், கர்சர் போகும் தூரத்தைக் கை போன தூரம் மட்டுமே தீர்மானிக்கும். கை வேகமாகப் போனதா, நின்று நின்று போனதா என்பது கணக்கிலேயே வராது. முடுக்கம் வந்ததும் இந்த ஒழுங்கு உடைகிறது. பெருக்கும் எண்ணே வேகத்தைப் பொறுத்து மாறுகிறது. கையை எவ்வளவு தூரம் நகர்த்தினோம் என்பதோடு, அந்தத் தூரத்தின் ஒவ்வொரு துண்டையும் எந்த வேகத்தில் கடந்தோம் என்பதும் விளைவில் கலந்துவிடுகிறது. புத்தகச் சோதனையில் கர்சர் வீடு திரும்பாததற்குக் காரணம் அதுதான்.

ஏன் இப்படி ஒன்றைக் கொண்டுவந்தார்கள்? அலுவலக மேசைக்கு இது நல்ல யோசனை. திரையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் கர்சரைக் கொண்டுபோகக் கையை வீசவும் வேண்டாம். சன்னலை மூடும் சின்னப் பெருக்கல் குறியில் கர்சரை நிறுத்தச் சிரமப்படவும் வேண்டாம். வேகமாக நகர்த்தினால் தாவும், மெதுவாக நகர்த்தினால் நிதானமாக ஊரும். விண்டோஸ் 2000 வரை இதைச் செய்த விதம் முரட்டுத்தனமானது. மவுஸிலிருந்து வரும் ஒரு தகவலில் 6 கவுண்ட்டுக்கு மேல் இருந்தால் இரண்டால் பெருக்கு. வேக அமைப்பை மேலும் உயர்த்தி வைத்திருந்தால், 10 கவுண்ட்டைத் தாண்டும்போது நான்கால் பெருக்கு. இடையில் சரிவு கிடையாது, படி மட்டும்தான். 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி அந்தப் படிகளை நீக்கிவிட்டு, வேகம் ஏற ஏறச் சிறிது சிறிதாக உயரும் ஒரு வளைகோட்டைக் கொண்டுவந்தது.

பழைய முறையில் ஒரு வேடிக்கையான சிக்கல் உண்டு. 400 டிபிஐ மவுஸை நொடிக்கு 10 செ.மீ. வேகத்தில் நகர்த்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு ஏறக்குறைய 1,575 கவுண்ட். சாதாரண யுஎஸ்பி மவுஸ் நொடிக்கு 125 முறை தகவல் அனுப்பும்; ஒவ்வொரு தகவலிலும் 12 அல்லது 13 கவுண்ட் இருக்கும். எல்லையைத் தாண்டிவிட்டது, முடுக்கம் வேலை செய்யும். அதே கை, அதே வேகம், ஆனால் நொடிக்கு 1,000 முறை தகவல் அனுப்பும் கேமிங் மவுஸ் என்றால் ஒவ்வொரு தகவலிலும் ஒன்றோ இரண்டோ கவுண்ட்தான். முடுக்கம் தலைகாட்டவே காட்டாது. டிபிஐயை மாற்றினாலும் இதே கதைதான். வளைகோடு வந்த பிறகும், மவுஸ் எத்தனை டிபிஐ என்பது விண்டோஸுக்குத் தெரியாது. வந்து சேரும் எண்ணை வைத்தே அது கையின் வேகத்தை ஊகிக்கிறது. எனவே புது மவுஸ் வாங்கியவுடன் கை பழகியிருந்த வளைகோடு சத்தமில்லாமல் வேறாகிவிடும். எப்போதும் ஒரே எண்ணால் பெருக்கும் நேர்கோட்டுக் கணக்கில் இப்படி நேர்ந்தால் ஓர் எண்ணை மாற்றிச் சரிக்கட்டலாம். வளைகோட்டில் அது அவ்வளவு எளிதல்ல.

முடுக்கத்துக்குச் சேர வேண்டிய நியாயத்தையும் சேர்த்துவிட வேண்டும். ஜெரி காசியே, டேனியல் வோகல், ரவின் பாலகிருஷ்ணன், ஆண்டி காக்பர்ன் ஆகிய நால்வரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் முக்கியமானது. கைகளின் அசைவை முப்பரிமாணத்தில் அளக்கும் கருவிகளை வைத்து, மாறாத பெருக்கத்தையும் முடுக்கத்தையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். சாதாரணக் கணினித் திரையில், முடுக்கம் இருந்தபோது இலக்கை அடையும் நேரம் சராசரியாக 3.3 சதவீதம் குறைந்தது. சின்ன இலக்குகளுக்கு 5.6 சதவீதம்வரை. ஆக, முடுக்கம் பயனற்றது என்று யாராவது சொன்னால் அது தவறு. கர்சரை நகர்த்தி ஐகானைச் சொடுக்கும் வேலைக்கு அது உதவவே செய்கிறது.

ஆனால் அதே ஆய்வில் இன்னொரு வரி இருக்கிறது. கணக்குப்படி கிடைத்திருக்க வேண்டிய ஆதாயம் முழுதாகக் கிடைக்கவில்லை. காரணம், முடுக்கம் இருந்தபோது கர்சர் இலக்கைத் தாண்டிப் போய்விடுவது அதிகரித்ததாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அலுவலக மேசையில் இலக்கைத் தாண்டினால் நட்டமில்லை. ஐகான் ஓடிவிடாது, திருப்பிச் சுடவும் செய்யாது. இழுத்து வந்து சொடுக்கிக்கொள்ளலாம். கேமில் அந்தத் தாண்டலுக்கு விலை உண்டு.

அந்த விலை எவ்வளவு என்று கவுண்டர்-ஸ்ட்ரைக் என்ற சுடும் கேமை வைத்தே கணக்கிட்டுப் பார்ப்போம். அந்த கேமில் சென்சிடிவிட்டி 1 என்றால், ஒரு கவுண்ட்டுக்குப் பார்வை 0.022 டிகிரி திரும்பும். 800 டிபிஐ மவுஸில் ஒரு முழுச் சுற்று திரும்ப 16,364 கவுண்ட், அதாவது ஏறக்குறைய 52 செ.மீ. தேவை. போட்டிகளில் ஆடுகிறவர்களிடையே மிகச் சாதாரணமான அமைப்பு இது. இப்போது, 20 மீட்டர் தொலைவில் எதிராளி ஒருவர் எட்டிப் பார்க்கிறார். தலையின் அகலம் 20 செ.மீ. என்று கொண்டால், நம் பார்வையில் அது வெறும் 0.57 டிகிரி. கவுண்ட்டில் 26. மவுஸ் பேடில்? 0.8 மில்லிமீட்டர்.

ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அந்தத் தலை, திரையின் நடுவே குறி காட்டும் கிராஸ்ஹேரிலிருந்து 30 டிகிரி தள்ளித் தெரிந்தால், கையை 4.3 செ.மீ. வீசி, 0.8 மி.மீ. அகலத்துக்குள் நிறுத்த வேண்டும். கேமர்கள் இதை ஃபிளிக் என்கிறார்கள். வீசும் தூரத்தில் இரண்டு சதவீத இடைவெளிக்குள் போய் நிற்க வேண்டிய காரியம்.

இப்படி ஒரு வீச்சைக் கை எப்படிச் செய்கிறது என்பதை 1899லேயே ஒருவர் ஆராய்ந்திருக்கிறார். அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் உட்வொர்த். மெட்ரோனோமின் தாளத்துக்கு ஏற்பப் பென்சிலால் குறிப்பிட்ட நீளத்துக்குக் கோடுகள் போடச் சொன்னார். ஒருமுறை கண்ணைத் திறந்துகொண்டு, ஒருமுறை மூடிக்கொண்டு. தாளம் மெதுவாக இருந்தபோது கண் திறந்தவர்களின் கோடுகள் துல்லியமாக அமைந்தன. தாளம் வேகமெடுக்க எடுக்க அந்த வித்தியாசம் தேய்ந்து, ஒரு கட்டத்தில் கண் திறந்திருப்பதால் எந்தப் பயனும் இல்லாமல் போயிற்று. இதிலிருந்து உட்வொர்த் சொன்னது இன்றும் நிற்கிறது: கையின் அசைவில் இரண்டு கட்டங்கள் உண்டு. முதலில், மூளை முன்கூட்டியே கணித்து அனுப்பிவிடும் ஒரு வீச்சு. அதன்பின், கண் பார்த்துப் பார்த்துச் சொல்லும் சின்னச் சின்னத் திருத்தங்கள்.

கண்ணில் விழுந்தது மூளைக்குப் போய்த் திருத்தமாகிக் கைக்கு வந்துசேர ஏறக்குறைய பத்தில் ஒரு நொடியாவது பிடிக்கும். ஃபிளிக்கின் முதல் வீச்சு முடிவதற்கே நொடியில் பத்தில் ஒன்றோ இரண்டோ பங்குதான். ஆகவே வீச்சின் பெரும்பகுதியில் கண்ணுக்கு வேலையே இல்லை. தொடங்கிவிட்டால் நடுவில் திருத்த நேரமில்லை. கை எங்கே போய் நிற்கும் என்ற முன்கணிப்பை நம்பித்தான் மூளை கட்டளை போடுகிறது. அந்த முன்கணிப்பு எவ்வளவு நம்பத்தக்கது என்பதில்தான் முடுக்கத்தின் வழக்கே அடங்கியிருக்கிறது.

நம் தசைகள் சொன்னதை அப்படியே செய்வதில்லை. மூளையிலிருந்து போகும் கட்டளையில் எப்போதும் சிறிது இரைச்சல் கலந்திருக்கும். கட்டளை வலுக்க வலுக்க இரைச்சலும் வலுக்கும். கிறிஸ்டோபர் ஹாரிஸும் டேனியல் வோல்பர்ட்டும் 1998இல் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரை, கண்ணும் கையும் ஏன் இந்த வடிவில் அசைகின்றன என்பதை இந்த ஒரு பண்பை வைத்தே விளக்கியது. வேகமாக வீசினால் குறி பிசகுவது கவனக்குறைவு அல்ல. உடம்பின் அமைப்பே அப்படி. ஒரே ஃபிளிக்கை நூறு முறை செய்தால், நூறு முறையும் வேகம் கொஞ்சம் கொஞ்சம் மாறும். உலகத் தரமான ஆட்டக்காரருக்கும் மாறும்.

மாறாத பெருக்கத்தில் இந்த வேக மாற்றம் தூரத்தைப் பாதிக்காத வரைக்கும் கெடுதல் இல்லை. கை 4.3 செ.மீ. போய் நின்றுவிட்டால், இன்று சற்று வேகமாகப் போனதா நேற்றைவிட மந்தமா என்பது கிராஸ்ஹேருக்குத் தெரியாது. முடுக்கத்தில் தெரியும். கையின் வேகத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பப் பெருக்கம் உயர்கிற ஒரு முடுக்கத்தை எடுத்துக்கொள்வோம். அதே 4.3 செ.மீ. தூரத்தைக் கை 10 சதவீதம் கூடுதல் வேகத்தில் கடந்தால் பெருக்கம் ஏறக்குறைய 5 சதவீதம் உயரும். 30 டிகிரி திரும்ப வேண்டியது 31.5 டிகிரி திரும்பும். தலையின் அகலம் 0.57 டிகிரி என்று பார்த்தோம். கை தூரத்தில் எந்தத் தவறும் செய்யவில்லை; ஆனாலும் கிராஸ்ஹேர் இரண்டரைத் தலை அகலம் தாண்டிப் போய்விட்டது. பதற்றத்தில் கை வேகத்தோடு தூரமும் 10 சதவீதம் கூடிவிட்டால், நேர்கோட்டில் 10 சதவீதமாக நிற்க வேண்டிய பிழை இங்கே 15 சதவீதமாகிறது.

முடுக்கத்தை அணைக்கச் சொல்வதற்கு நான் மேலே குறிப்பிட்ட வலுவான காரணம் இதுதான். உடம்பில் இருக்கும் இரைச்சலை முடுக்கம் உருவாக்குவதில்லை. ஆனால் தூரத்தை மட்டும் சரியாகப் பிடித்தால் போதும் என்றிருந்த கைக்கு, வேகத்தையும் சரியாகப் பிடிக்கும் சுமையை ஏற்றிவைக்கிறது. வேகம் என்பதோ, எதிராளியைத் திடீரென்று பார்த்த அதிர்ச்சியிலும் கடைசிச் சுற்றின் படபடப்பிலும் முதலில் மாறிப்போவது. மிகவும் துல்லியம் வேண்டிய கணத்தில் மிகக் குறைவாக நம்பத்தக்க ஒன்றை நம்பியிருக்கும்படி ஆகிறது.

ஓடும் எதிராளியின் மேல் கிராஸ்ஹேரை ஒட்டவைத்தபடி தொடர்வதும் அப்படியே. அவர் வேகமெடுத்தால் நம் கையும் வேகமெடுக்க வேண்டும்; அந்த நேரம் பார்த்துப் பெருக்கமும் மாறும். எதிராளி திசை மாற்றும் ஒவ்வொரு முறையும் கை நின்று மறுபடி கிளம்புகிறது. பெருக்கம் விழுந்து எழுகிறது.

இனி, கைக்குப் பழக்கம் வராது என்ற வாதத்துக்கு வருவோம். கை எதையும் நினைவில் வைப்பதில்லை, பழகுவது மூளை. அது எதையெல்லாம் பழகிக்கொள்ளும் என்பதற்கு 1994இல் ரெஸா ஷாத்மேரும் ஃபெர்டினாண்டோ முசா-இவால்டியும் செய்த ஆய்வே சாட்சி. ஒரு ரோபோவின் கைப்பிடியைப் பிடித்தபடி இலக்கை நோக்கிக் கையை நீட்ட வேண்டும். கை எவ்வளவு வேகமாகப் போகிறதோ அதற்கேற்ப ரோபோ அதை வழியிலிருந்து தள்ளும். முதலில் எல்லோருடைய பாதையும் கோணல்மாணலாக வளைந்தது. சில நூறு முறை செய்வதற்குள் பாதை நேராகிவிட்டது. தள்ளுதலைத் திடீரென்று நிறுத்தியபோது, இல்லாத விசையை எதிர்த்துக் கை மறுபுறம் வளைந்தது! வேகத்தைப் பொறுத்து மாறும் ஓர் உலகத்தையே மூளை தனக்குள் வரைந்து வைத்துக்கொண்டிருக்கிறது. மவுஸ் முடுக்கமும் வேகத்தைப் பொறுத்து மாறும் உலகம்தானே. அதையும் அது கற்றுக்கொள்ளும்.

கற்றுக்கொள்வது வேறு, கற்றதைப் பிசகாமல் நிறைவேற்றுவது வேறு. கேரம் ஆடுகிறவர்கள் இதை உடனே புரிந்துகொள்வார்கள். பலகை எப்படியிருந்தாலும் அரை மணி நேரத்தில் விரல் அதற்குப் பழகிவிடும். ஆனால் ஸ்ட்ரைக்கரைச் சற்றே பலமாகச் சுண்டிவிட்டால் பவுடரே தன் வழவழப்பைக் கூட்டிக்கொள்ளும் ஒரு பலகையில், பழகிய விரலாலும் காயைக் குழி வாயில் நிறுத்துவது கடினம்.

சென்சிடிவிட்டியை ஓர் இம்மி மாற்றினாலும் பல மாதப் பயிற்சி பாழாகிவிடும் என்று அஞ்சுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த அச்சம் தேவையற்றது. ஜான் கிராக்கவரும் அவருடைய குழுவினரும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், கைக்கும் கர்சருக்கும் இடையிலான பெருக்கத்தை மாற்றினால், ஒரு திசையில் பழகியதை மூளை மற்றத் திசைகளுக்கும் எளிதாக எடுத்துச் செல்வது தெரிந்தது. திசையையே சுழற்றிவிட்டால்தான் அந்தப் பழக்கம் பரவத் தடுமாறியது. பெருக்கத்தைக் கற்பதில் நம் மூளை கெட்டி. முடுக்கத்தை அணைக்கத் தயங்குகிறவர்களுக்கு இது நல்ல செய்தி.

முடுக்கத்தை விரும்பியே வைத்துக்கொண்டு நன்றாக ஆடுகிறவர்களும் இருக்கிறார்கள் என்பதை மறைக்கக் கூடாது. குவேக் ஆட்டக்காரர்களிடையே இது பழைய மரபு. 1996இல் வெளிவந்த அந்த கேமிலும் அதன் வாரிசுகளிலும் ஆட்டக்காரர் நிற்பதே இல்லை. தாவிக்கொண்டே முதுகுப்பக்கம் திரும்ப வேண்டும், அடுத்த கணம் துல்லியமாகச் சுட வேண்டும். சென்சிடிவிட்டியைக் குறைத்தால் திரும்ப முடியாது. கூட்டினால் குறி பார்க்க முடியாது. இரண்டும் ஒரு சேர வேண்டும் என்றால் முடுக்கம்தான் வழி. அந்த வாரிசுகளில் ஒன்றான குவேக் லைவில் அதற்கென்றே அமைப்புகள் இருந்தன.

கவுண்டர்-ஸ்ட்ரைக்கும் வேலரன்ட்டும் வேறு வகை. எதிராளி எந்த மூலையில் தலைகாட்டுவார் என்று ஊகித்து, கிராஸ்ஹேரை அங்கே முன்கூட்டியே வைத்துக்கொண்டு நகர்கிற ஆட்டம். திரும்ப வேண்டியது பெரும்பாலும் சில டிகிரிகள்தான். அதனால் பெரிய மவுஸ் பேடும் குறைந்த சென்சிடிவிட்டியுமாக, முழங்கையிலிருந்து கையை நகர்த்தி ஆடுகிறார்கள். முடுக்கம் மெதுவான அசைவுகளுக்குத் தரும் துல்லியத்தை இவர்கள் எல்லா அசைவுகளுக்கும் நிரந்தரமாக எடுத்துக்கொள்கிறார்கள். எப்போதாவது முதுகுப்பக்கம் திரும்ப 26 செ.மீ. கையை வீச வேண்டியிருப்பது அதற்குக் கொடுக்கும் விலை.

குவேக் வழியை விரும்புகிறவர்கள் விண்டோஸின் வளைகோட்டை நாடுவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ரா ஆக்ஸெல் என்ற இலவச மென்பொருளில் வளைகோட்டைத் தாங்களே வரைந்துகொள்கிறார்கள். எந்த வேகத்தில் பெருக்கம் உயரத் தொடங்க வேண்டும், எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பதெல்லாம் ஆட்டக்காரரின் கையில். ஆட்டத்தின் நடுவே அமைப்பை மாற்றி மாற்றி ஏமாற்ற முடியாதபடி, மாற்றம் செயலுக்கு வர ஒரு நொடித் தாமதத்தையும் அதை எழுதியவர்கள் வைத்திருக்கிறார்கள். தன் கையை நன்றாக அறிந்த ஒருவர், தனக்கென வரைந்துகொண்ட வளைகோட்டோடு மாதக்கணக்கில் பயில்வதை நான் மதிக்கிறேன். எக்செல் கட்டங்களில் சொடுக்குவதற்காக வடிவமைக்கப்பட்ட ஒரு வளைகோட்டை, அது இருப்பதே தெரியாமல் வைத்துக்கொண்டு ஆடுவது வேறு கதை.

அணைக்கப் போவதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள். உங்கள் கேமில் அது வேலை செய்கிறதா? இன்றைய பெரும்பாலான சுடும் கேம்கள் ரா இன்புட் முறையில் மவுஸைப் படிக்கின்றன. விண்டோஸ் பெருக்கிச் சொல்லும் எண்ணை அவை கேட்பதில்லை. மவுஸ் அனுப்பிய கவுண்ட்களையே நேராக வாங்கிக்கொள்கின்றன. அங்கே விண்டோஸ் அமைப்பு எப்படி இருந்தாலும் கிராஸ்ஹேருக்கு ஒன்றும் ஆகாது. முடுக்கத்தை அணைத்த அன்றே எய்ம் பிரமாதமாகிவிட்டது என்று மகிழ்கிறவர்களில் சிலருடைய கேமில், அணைக்க எதுவுமே இருந்திருக்காது. புத்தகச் சோதனையைக் கேமுக்குள்ளும் செய்து பாருங்கள். சுவரில் ஒரு புள்ளியைக் குறிவைத்து, விருட்டென்று போய் மெள்ளத் திரும்புங்கள். கிராஸ்ஹேர் அதே புள்ளிக்கு வந்தால் முடுக்கம் இல்லை. வராவிட்டால், கேமின் அமைப்புகளில் ரா இன்புட் இருக்கிறதா என்று தேடி இயக்குங்கள். கேமுக்கென்றே தனி முடுக்கம் வைத்திருப்பவையும் உண்டு, அதையும் பாருங்கள்.

ரா இன்புட் இல்லாத பழைய கேம்களை ஆடுகிறவர்கள் விண்டோஸிலேயே அணைத்தாக வேண்டும். கண்ட்ரோல் பேனலில் உள்ள மவுஸ் அமைப்புகளில் 'என்ஹான்ஸ் பாயிண்டர் பிரிசிஷன்' என்பதை நீக்குங்கள். அதே இடத்தில் பாயிண்டர் வேகத்துக்கு 11 படிகள் இருக்கும்; நடுவில் உள்ள ஆறாவது படியில் வையுங்கள். அங்கேதான் ஒரு கவுண்ட் ஒரு பிக்சலாகிறது. பதினோராவது படியில் பெருக்கம் மூன்றரை என்பதால் கர்சர் இடையிடையே பிக்சல்களைத் தாண்டித் தாண்டிக் குதிக்கும். வேகம் போதவில்லை என்றால் மவுஸின் டிபிஐயைக் கூட்டிக்கொள்ளுங்கள். லினக்ஸில் 'அடாப்டிவ்' என்பதற்குப் பதில் 'ஃபிளாட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் அதே பலன். மவுஸோடு வந்த மென்பொருளில் முடுக்கமோ, கோட்டை நேராக்கும் வசதியோ ஒளிந்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

கேம் ஆடாதவர்கள் எதையும் தொட வேண்டாம். கணக்கு எழுதவும் படம் திருத்தவும் சின்ன மேசையில் வேலை செய்யவும் முடுக்கம் நல்லது. சொடுக்கும் வேலைக்கு அது உதவுவதை மேலே பார்த்த ஆய்வும் காட்டியது. மடிக்கணினியின் டச்பேடில் முடுக்கம் இல்லாவிட்டால், அந்த உள்ளங்கையளவு இடத்தில் விரலைத் தூக்கித் தூக்கி வைத்தே களைத்துவிடுவோம். திட்டமிட்டு ஆடும் கேம்கள், சதுரங்கம், கட்டடம் கட்டும் கேம்கள் ஆடுகிறவர்களும் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம்.

சுடும் கேம் ஆடுகிறவர்கள் அணைத்துவிடுங்கள். இத்தனை நாள் முடுக்கத்தோடு ஆடியவர் என்றால், முதலில் சில நாட்கள் கிராஸ்ஹேர் இலக்கை எட்டாமல் நின்றுவிடும். எய்ம் கெட்டுவிட்டதுபோல் தோன்றும். வேகமான வீச்சுக்குக் கிடைத்துவந்த உதவி நின்றுபோனதால் அப்படி ஆகிறது. அதைப் பார்த்துத் திரும்ப இயக்கிவிடாதீர்கள், நாளுக்கொரு சென்சிடிவிட்டியும் மாற்றாதீர்கள். ஓர் எண்ணை முடிவு செய்து, எல்லா கேம்களிலும் அதற்கு ஈடான அளவையே வைத்து, கை தாராளமாக நகர நல்ல அகலமான மவுஸ் பேட் ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டு, சில வாரம் பொறுமையாக ஆடுங்கள்.